துண்டுக்கு அடியில் ஒரு கை

ஆடு வாங்கப் போகிறவர்கள் ஆட்டின் பல்லைப் பார்ப்பார்கள், முதுகைத் தடவுவார்கள், வாலைத் தூக்குவார்கள். நான் விற்கிறவனின் காலைப் பார்ப்பேன். வீட்டுக்குப் போக அவசரப்படுகிறவன் கால் மாற்றி மாற்றி நிற்பான். அவனிடம் வாங்க வேண்டும். ஆடு எப்படியும் பிரியாணி ஆகப் போகிறது, அதன் பல்லைப் பார்த்து என்ன செய்ய?

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டரம்மா, நேற்று நீங்கள் என்னை விசாரித்த நேரம் முழுக்க உங்கள் கால் அசையவே இல்லை. இந்த அம்மாவிடம் விலை குறையாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதனால்தான் தாளும் பேனாவும் கேட்டேன். ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது என்று வக்கீல் போனில் சொன்னார். செல்லாத சரக்கை விற்று வளர்ந்த குடும்பம் எங்களுடையது, அதனால் எனக்குக் கூச்சம் இல்லை. டீயும் நன்றாக இருந்தது. இஞ்சி கொஞ்சம் தூக்கல்.

பெயர் முத்திருளன். பழங்காநத்தத்தில் குடியிருக்கிறேன். தொழில் ஆட்டுத் தரகு. அப்பா மிளகாய் மண்டியில் நின்றவர், சித்தப்பா பழைய சைக்கிள் விற்றவர், அம்மா கூடையில் கருவாடு சுமந்தவர். எங்கள் வீட்டில் இன்னொரு அப்பளம் வேண்டுமென்றால் மூன்று கேட்க வேண்டும். ஒன்று கேட்டால் ஒன்றும் வராது. அப்படி வளர்ந்தவனுக்கு யார் எதைச் சொன்னாலும் அதில் பாதிதான் உண்மை என்று படும். இது குறை இல்லை, பழக்கம்.

இறந்துபோன தங்கப்பாண்டி என் மனைவி ஒச்சாயியின் தம்பி. எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மச்சான். அவனும் ஆட்டுத் தரகன்தான். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில் வீடு. மனைவி முனீஸ்வரி. ஒரே மகள் சுபலட்சுமி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அப்பா சொன்னதை மாமா மாற்றிச் சொன்னார், அதனால்தான் அப்பா போய்விட்டார் என்று உங்களிடம் புகார் கொடுத்தவள் அவள்தான். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். கொஞ்சம் குறைவாக எழுதியிருக்கிறாள், அவ்வளவே. எதிராளிக்குத் தெரியாத சரக்கை நாமாக எடுத்துக் கடை விரிப்பது வியாபாரம் இல்லை. இருந்தாலும் விரிக்கிறேன்.

முதலில் துண்டு. நீங்கள் நேற்று அதைக் கேட்டபோது உங்கள் ஏட்டு சிரித்தார். சிரிக்க ஒன்றும் இல்லை. சந்தையில் நாலு பேர் நடுவில் விலையை வாய்விட்டுச் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவன் கெடுத்துவிடுவான். அதனால் இரண்டு தரகர்களும் கையை நீட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு அடியில் விரலால் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அது விலை. கட்டைவிரலால் மேல்பக்கமாகத் தேய்த்தால் 'ஏற்று, இது போதாது' என்று அர்த்தம். கீழ்ப்பக்கமாகத் தேய்த்தால் 'இறக்கு'. கையை உதறினால் 'வேண்டாம்'. உள்ளங்கையில் தட்டினால் பேரம் முடிந்தது. அதற்குப் பிறகு பெற்ற தகப்பன் வந்தாலும் மாற்ற முடியாது. இதில் ஒரு மரியாதை உண்டு. துண்டை யாரும் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். விற்கிறவனும் வாங்குகிறவனும்கூடப் பார்க்க மாட்டார்கள். சந்தையில் மாட்டுக்குப் பொய்ப்பல் கட்டுகிறவன் உண்டு, மற்றவன் துண்டைத் தூக்குகிறவன் கிடையாது.

துண்டுக்கு அடியில் தங்கப்பாண்டியை நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. எதிரெதிர்ப் பக்கம் நின்ற ஒவ்வொரு சந்தையிலும் அவன்தான். அவன் கட்டைவிரல் இருக்கிறதே, அது மேல்பக்கம் தேய்க்கவென்றே படைக்கப்பட்டது. முதல் விலைக்கு அவன் தலையாட்டியதாகச் சரித்திரமே கிடையாது. தன் கல்யாணத்தில் தாலி கட்டப்போகும் நேரத்தில் ஐயரிடம் தட்சணைக்குப் பேரம் பேசினவன். டீக்கடையில் எல்லோரும் கேட்கும்படிச் சொல்வான்:

"எங்க மச்சான் கைய நீட்டுனாலே போதும்ப்பா, பாதி வேல முடிஞ்சுரும். அந்தக் கை நடுங்குற நடுக்கத்துலயே வெல தெரிஞ்சுபோகும்."

வீட்டுக்குப் போனால் ஒச்சாயி வேறு. "எந்தம்பிய நீங்க ஜெயிக்கிற அன்னிக்கு அழகர் ஆத்துல எறங்காம நேரா நம்ம வீட்டுக்கு வந்துருவாரு" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரிப்பேன். சிரிப்பை மட்டும் நான் யாரிடமும் விலை பேசியதில்லை.

போன தீபாவளிக்கு முந்தின சந்தை. வாங்குகிறவர் வெள்ளைத்துரை, எங்கள் பகுதியில் கறிக்கடை வைத்திருப்பவர். அவருக்குத் தரகன் நான். விற்கிறவர் திருவாதவூர்ப் பக்கத்துச் சம்சாரி, ஆடு வளர்க்கிற விவசாயி. அவருக்கு மாப்ள. நல்ல மந்தை. கிடாய் ஒவ்வொன்றும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

"என்ன மச்சான், இன்னிக்காச்சும் அக்காவுக்கு நல்ல சேதி கொண்டு போவீங்களா?" என்றான்.

"மொதல்ல கைய நீட்டு மாப்ள. வாய அப்பறமா நீட்டலாம்."

துண்டைப் போட்டோம். நான் இறக்கினேன், அவன் ஏற்றினான். நான் இன்னும் கொஞ்சம் கொடுத்தேன், அவன் இன்னும் கொஞ்சம் கேட்டான். வழக்கம்போலத்தான். திடீரென்று அவன் கட்டைவிரல் மேலே போய்க்கொண்டிருந்த இடத்திலேயே நின்றது. பிறகு ஒவ்வொரு விரலாக என்னை விட்டது. ஒருவன் கையைத் துண்டுக்கு அடியில் இத்தனை வருஷம் பிடித்தவனுக்கு அது விடுகிற விதம் தெரியும். யோசிக்கிற கை வேறு, தோற்ற கை வேறு. இது இரண்டும் இல்லை. உள்ளே ஆள் இல்லாத கை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று எழுதினால் இந்தத் தாளுக்கே அசிங்கம். எங்கள் தெருவிலேயே பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. சினிமாக் கொட்டகையில்கூட விளம்பரம் போடுகிறார்கள்.

நான் அவன் உள்ளங்கையில் தட்டினேன். அது போதாது, அவனும் தட்ட வேண்டும். ஆகவே அவன் கையைப் பிடித்து என் உள்ளங்கையில் தட்டவைத்தேன். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சது" என்றேன். அந்தச் சம்சாரியின் முகம் சுருங்கியது. இம்புட்டுக் குறைச்சலுக்கா என்று மாப்ளையைப் பார்த்தார். மாப்ள ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

டீக்கடை பெஞ்சில் அவனை உட்காரவைத்தேன். கடைக்கார அம்மா முத்துச்செல்வி அடுப்பை விட்டு வந்து பார்த்தாள்.

"அண்ணே, அவுக வாயி கோணுது. எங்க மாமனாருக்கும் இப்பிடித்தான் வந்துச்சு. வெரசா ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க."

"பித்தம்மா. ராத்திரி பூரா தூங்கல அவன். ஒரு சோடா குடு."

"நூத்தியெட்டுக்குப் போன் போடவாண்ணே?"

"எம் மச்சினன் எனக்குத் தெரியாதா? இந்தா வண்டியோட வாரேன், நீ சும்மா இரு."

சொந்தக்காரன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நம் ஊரில் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். அதுவும் துண்டு மாதிரிதான்.

உடனே அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருந்தால் சம்சாரி விட்டிருக்க மாட்டார். சீக்காளி கை தட்டியது செல்லாது என்று மந்தையைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் ஆடுகளை வண்டியில் ஏற்றினேன். வெள்ளைத்துரையோடு பழங்காநத்தம் வந்து இறக்கினேன். அவர் வற்புறுத்தினார் என்று இட்லி சாப்பிட்டேன். பிறகு ஒரு காரைப் பிடித்துக்கொண்டு போனேன். வெயில் உச்சியில் நின்றது. முத்துச்செல்வி அவனை பெஞ்சில் படுக்கவைத்து, தகரத்தட்டால் விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விசிறுவதை நிறுத்தினாள். சோடாவுக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. காசை வேண்டாம் என்கிற வியாபாரியை அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "எப்ப ஆரம்பிச்சது?" சந்தையில், என் கைக்குள் என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். "வீட்டுலயிருந்து கெளம்பும்போதே ஒரு மாதிரியாத்தான் இருந்தான் சார். பேச்சு கொழறுச்சு" என்றேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறதாம், தொடங்கிய நேரம் நிச்சயமாகத் தெரிந்து, அதுவும் சீக்கிரம் வந்தால்தான் போட முடியுமாம். அந்த ஊசியைப் பற்றி எனக்கு முன்பு தெரியாது. இதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முனீஸ்வரிக்கு அன்றிலிருந்து ஒரே புலம்பல். "காலையில காப்பி குடுக்கும்போது நான் கவனிக்கலையே அண்ணே. பேச்சு கொழறுறதுகூடத் தெரியாம அனுப்பிவிட்டேனே பாவி." ஓடி ஓடி வேலை செய்கிற பெண்பிள்ளை, ஒரே நாளில் உட்கார்ந்துவிட்டது. "நீ என்ன பண்ணுவ தங்கச்சி, ஒனக்கென்ன தெரியும்" என்று தேற்றினேன். என் ஆறுதல்தான் தனக்குத் தெம்பு என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள். விசாரித்துப் பாருங்கள்.

வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. ஆனால் காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். சுபலட்சுமி லீவு போட்டு வந்து பக்கத்திலேயே இருந்தாள். நான் பார்க்கப் போன அன்று, கட்டிலருகே உட்கார்ந்ததும் அவன் இடது கை வந்து என் விரலைப் பிடித்தது. வெறுமனே பிடிக்கவில்லை, சந்தைப் பிடி பிடித்தது. இடது கையால் பேரம் பேசுவது தொழிலில் ஆகாது. இருந்தாலும் அது பேசியது. நான் பழக்கதோஷத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே போட்டேன்.

முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பேசுறாக அண்ணே, ஒங்ககூடப் பேசுறாக."

"துண்டு எதுக்கு மாமா? எனக்கும் காட்டுங்க" என்றாள் சுபலட்சுமி.

அவள் அம்மாதான் அதட்டினாள். "சும்மா இருடி. அது தொழில் மரியாத. ஒங்கப்பாவே ஒன்ன இத்தன வருசத்துல பாக்க விட்டதில்ல."

அவ்வளவுதான். வீட்டுக்குள்ளேயும் துண்டை யாரும் தூக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் நல்ல குணம் அது.

விரலுக்கு விலை தெரியும், வாக்கியம் தெரியாது. ஏற்று, இறக்கு, வேண்டாம், முடிந்தது. நாலே பேச்சு. இதை அவர்களிடம் சொல்லவா முடியும்? "என்ன சொல்றாக?" என்று இரண்டு முகம் என்னைப் பார்க்கும்போது, ஏதாவது சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் "ரசம் வேணுமாம்" என்றேன். வைத்துக் கொடுத்தார்கள், குடித்தான். தலையணையை உயர்த்தச் சொல்கிறான் என்றேன், உயர்த்தினார்கள். டிவி சத்தம் ஆகவில்லையாம் என்றேன், அதை மட்டும் எனக்காகச் சொன்னேன். இப்படி நான் அந்த வீட்டுக்கு நாள் தவறாமல் வேண்டியவன் ஆனேன். அதுவரை அந்த வீட்டில் நான் அக்கா புருஷன். அதற்குப் பிறகு நான் போகாமல் ஒரு முடிவு கிடையாது.

அவன் உண்மையில் என்ன சொன்னான் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சுதான். கட்டைவிரல் மேல்பக்கமாக. ஏற்று. போதாது. பேரம் முடியவில்லை. நான் சந்தையில் அவன் கையைப் பிடித்துத் தட்டவைத்தேனே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான் என்று எனக்குப் புரிந்தது. படுத்த படுக்கையில் கிடந்துகொண்டு அந்த ஒரு பேரத்தையே திரும்பத் திரும்பத் திறந்தான். முடிந்த பேரத்தைத் திறக்கிறவனை எங்களில் யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனாலும் சீக்காளி என்று நான் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு பவதாரிணி என்று ஒரு பெண் வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை. சின்ன வயது, நல்ல பொறுமை. முதல் சில மாதங்கள்தான் முக்கியம், விடாமல் பழகினால் வார்த்தை திரும்பும், அங்கேயே தங்கிப் பழக ஓர் இடம் இருக்கிறது, அழைத்துப் போகலாம் என்றது. சாயங்காலம் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தெப்பக்குளக் கரையைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். குளம் நிறையத் தண்ணீர், கரை நிறையக் கூட்டம். சுண்டல்காரன் மணியடித்தால் மாப்ள இடது கையால் நாற்காலியில் தாளம் போடுவான். ஒருநாள் நான் எதிரே வருவதைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"மச்…" என்றான். "மச்… மச்…"

சுபலட்சுமி அப்படியே நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டுவிட்டாள். "பாத்தீங்களா மாமா. அப்பா மொதல்ல ஒங்களத்தான் கூப்புடுறாரு."

முனீஸ்வரி கோயிலைப் பார்த்துக் கும்பிட்டாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது, அது உண்மை. அந்த 'மச்'சுக்குப் பின்னால் மீதி வாக்கியம் வரிசையில் நின்றுகொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் போய்த் துண்டைப் போட்டேன். நெடுநேரம் கையைப் பிடித்திருந்தேன். அவன் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து என் தோல் எரிந்தது. துண்டை எடுத்துவிட்டு, வெளியே வந்து, முனீஸ்வரியிடம் மெதுவாகச் சொன்னேன். "அந்தப் பிள்ள வரவேணாங்கிறான். நாலு பேரு முன்னாடி பச்சப்பிள்ள மாதிரி வாயப் பொளக்கச் சொல்றது மானக்கேடா இருக்காம். தங்கிப் படிக்கிற எடமெல்லாம் வேணவே வேணாமாம். வீட்டுலயே கெடக்குறேங்கிறான்."

"அப்பா அப்படிச் சொல்ல மாட்டாரு" என்றாள் சுபலட்சுமி.

"ஒங்கப்பா மானஸ்தன் ஆத்தா. அது ஒனக்குத் தெரியாதா?"

நல்ல சரக்கு எது தெரியுமா? வாங்குகிறவன் ஏற்கனவே மனதில் வைத்திருப்பதை எடுத்துக் காட்டுவது. தங்கப்பாண்டி மானஸ்தன் என்பது ஊர் அறிந்தது. முனீஸ்வரி அவனைத் தூக்கிப் புரட்டிக் களைத்திருந்தாள். நான் சொன்னது அவர்கள் வீட்டில் இருந்த சரக்குதான். நான் விலைச்சீட்டு மட்டும் ஒட்டினேன். பவதாரிணி வருவது நின்றது. நாற்காலி நடையும் நின்றது. கொஞ்ச நாளில் 'மச்' என்பதும் நின்றது.

தை பிறந்ததும் அவனுக்குச் சளி கட்டியது. விழுங்கும்போது புரையேறி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று தெரு டாக்டர் சொன்னார். காய்ச்சல், மூச்சு இரைப்பு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், மருந்து ஏறினால் பிழைத்துக்கொள்வார் என்றார். சுபலட்சுமி கையில் போனோடு நின்றாள். முனீஸ்வரி என்னைத்தான் பார்த்தாள்.

"மறுபடியும் ஊசி, கொழாயின்னு அவுகளப் போட்டு வதைக்கணுமா? நீங்க ஒரு வார்த்த கேளுங்க அண்ணே. அவுக என்ன சொல்றாகளோ, அதுபடி செய்வோம்."

மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். துண்டைப் போட்டேன். வெளியே வந்து, "வேணாங்கிறான். வீட்டுலயே போயிடணுமாம்" என்றேன். முனீஸ்வரி சுவரோடு சாய்ந்தாள். சுபலட்சுமி போனைக் கீழே வைத்தாள்.

நான் வீடு திரும்பிய பிறகு மொக்கையன் வந்திருக்கிறான். அவனும் தரகன்தான், வயதாகித் தொழிலை விட்டவன். சீக்காளியைப் பார்த்துவிட்டுப் போக ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவன், பேச்சுக் கொடுத்துக்கொண்டே கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறான். மாப்ளையின் கை அவன் விரலைப் பிடித்திருக்கிறது. மொக்கையன் ஒழுங்கு தெரிந்தவன், துண்டை எடுத்துப் போட்டிருக்கிறான். பிறகு எழுந்து வெளியே வந்து கேட்டிருக்கிறான்:

"ஏம்மா சுபா, இவருகிட்ட என்னத்தம்மா வெல பேசுறீங்க?"

"ஏன் தாத்தா?"

"போதாது, போதாதுங்கிறாரே. ஏத்திக்கிட்டே போறாரு. பேரம் இன்னும் முடியலேங்கிறாரும்மா."

"வேணாம்னு சொல்லலையா?"

"வேணாம்னா கைய ஒதறணும்த்தா. இவரு என் கைய விடவே மாட்டேங்கிறாரே."

அப்போதுதான் அந்தப் பெண் துண்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். அடியில் ஒரு கட்டைவிரல் மேல்பக்கமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் அங்கே பார்க்க இருந்தது. வண்டியைக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று அங்கே சொன்னார்களாம். மறுநாள் காலையில் முடிந்துவிட்டது. கடைசி வரை மகள் விரலை அவன் விடவில்லை என்று ஒச்சாயி சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு அவள் என்னோடு பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

சுபலட்சுமிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மொக்கையனுக்கும் இவ்வளவுதான் தெரியும். சந்தையில் நடந்ததை மேலே எழுதிவிட்டேன், அது நானாகச் சேர்த்தது. இன்னும் ஒன்று பாக்கி. அன்று மத்தியானம் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனேனே, அப்போது நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. கேட்டேன். நியாயமாகக் கேட்டேன். குனிந்து காதோடு சொன்னேன்.

"மாப்ள, ஒரே வெல. சந்தையில நடந்தத நீ பொழச்சு எந்திரிச்சாலும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. சம்மதம்னா சொல்லு, இப்பவே வண்டியக் கூப்புடச் சொல்றேன்."

அவன் என் உள்ளங்கையில் தட்டினான். யோசிக்கவே இல்லை. நான் கையை எடுக்காமல் இருந்தேன். மறுபடியும் தட்டினான். கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினான்.

நான் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தேன். இன்ஸ்பெக்டரம்மா, நீங்களும் கடை கண்ணிக்குப் போகிறவர்தானே. தாலி கட்டும் நேரத்தில் தட்சணைக்குப் பேரம் பேசினவன், எந்தச் சந்தையிலும் விட்டுக் கொடுக்காதவன், நான் சொன்ன முதல் விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறான். எந்த வியாபாரி நம்புவான்? பேரம் பேசாமல் ஒத்துக்கொள்கிறவன் விலையைக் கொடுக்கப் போகிறவன் இல்லை. இது எங்கள் அப்பா மிளகாய் மண்டியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அதனால்தான் வெளியே வந்து வேண்டாம் என்கிறான் என்று சொன்னேன்.

ஒரே ஒரு தடவை அவன் கட்டைவிரலை மேலே தேய்த்திருந்தால் போதும். நம்பியிருப்பேன். நானே வண்டி பிடித்துக் கொண்டு போயிருப்பேன். இதை சுபலட்சுமியிடம் சொல்லுங்கள். அவள் அப்பா மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த ஒரு நாள் அவன் பேரம் பேசாமல் விட்டதுதான் தப்பு.